முகவரியை எந்தப் பக்கமிருந்து படிப்பது?

நமக்கு வந்த தபால் உறை ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் பெயர். அதன் கீழ்க் கதவு எண்ணும் தெருவும். பிறகு ஊர், மாவட்டம், கடைசியில் பின்கோடு. நாம் எழுதுவது மேலிருந்து கீழாக. ஆனால் தபால் இலாகா படிப்பதோ கீழிருந்து மேலாக! தொலைவில் எங்கோ கடிதங்களைப் பிரிப்பவருக்கு நம் பெயரும் தெருவும் வேண்டியதில்லை. கடைசி வரி போதும். கடிதம் நம் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகே தெருவைப் பார்க்கிறார்கள். தெருவுக்கு வந்த பிறகே பெயரைப் பார்க்கிறார்கள். இடையில் எழுத்துப் பிழை இருந்தாலும், "இது வாத்தியார் வீட்டுக் கடிதம்தான்" என்று ஊகித்துக் கொண்டுவந்து கொடுத்துவிடும் தபால்காரர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

கணிப்பொறிக்கு இப்படிப்பட்ட ஊகம் கிடையாது. எந்தப் பக்கமிருந்து படிக்க வேண்டும் என்பதைக்கூட அதற்கு யாராவது முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இரண்டு கணிப்பொறிகளுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிவைத்திருந்தால் என்ன ஆகும்? 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மின்னஞ்சல் பயன்படுத்தியவர்கள் இதைப் பட்டு அறிந்தார்கள். கடிதத்தின் உள்ளடக்கத்தில் அவர்களுக்குத் தகராறு இல்லை. தகராறெல்லாம் கடிதத்தின் மேல் இருக்கும் நான்கைந்து வரிகளில்தான்.

அந்த வரிகள் நமக்குப் புதியவை அல்ல. பள்ளியில் அலுவலகக் கடிதம் எழுதப் பழகியபோது "அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை" என்று எழுதினோம் அன்றோ? அமெரிக்க அலுவலகங்களில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும் குறிப்புத்தாள்களிலும் இதே போன்ற தலைப்பு வரிகள் உண்டு. மின்னஞ்சலின் தலைப்பு வரிகள் அந்தத் தாளிலிருந்து வந்தவையே.

ஒரே கணிப்பொறிக்குள் கடிதம் விடும் வழக்கம் முதலில் வந்தது. ஒரு பெரிய கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்திய காலம் அது. 1965இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் டாம் வான் வ்லெக், நோயல் மாரிஸ் ஆகிய இருவரும் அதற்கென ஒரு புரோகிராம் எழுதினார்கள். பெறுபவரும் அனுப்புபவரும் ஒரே கணிப்பொறியைப் பயன்படுத்துபவர்கள் ஆதலால் பெயர் போதுமானதாக இருந்தது. ஒரே வீட்டுக்குள் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவதற்கு முகவரி எதற்கு?

1969 அக்டோபர் 29 அன்று ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பில் இரண்டு கணிப்பொறிகள் முதன்முதலாகப் பேசிக்கொண்டன. இரண்டு ஆண்டுகளில் முகவரி தேவைப்பட்டுவிட்டது. 1971இல் மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜில் பி.பி.என். நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பின் வழியாகக் கடிதம் அனுப்பிக் காட்டினார். இரண்டு கணிப்பொறிகளும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்பது வேடிக்கை. ஆளின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி வேண்டியிருந்தது. யாருடைய பெயரிலும் வராத குறியாக இருக்க வேண்டும். "இன்ன இடத்தில்" என்ற பொருளும் தொனிக்க வேண்டும். தட்டச்சுப் பலகையில் கண்ணில் பட்டது @. கடைப் பட்டியலில் "இன்ன விலை வீதம்" என்பதற்கு எழுதும் அதே குறி. நம் ஊரில் இன்றும் மின்னஞ்சல் முகவரியை வாய்விட்டுச் சொல்லும்போது "அட் த ரேட்" என்று வணிகர் கணக்கின் சொல்லையே சொல்கிறோம்.

நல்ல தேர்வு என்றுதான் தோன்றும். ஆனால் எம்.ஐ.டி.யில் மல்ட்டிக்ஸ் என்ற கணிப்பொறி அமைப்பு இருந்தது. அதில் தட்டச்சுப் பிழைகளைத் திருத்த இரண்டு குறிகளை ஒதுக்கியிருந்தார்கள். # தட்டினால் கடைசி எழுத்து அழியும். @ தட்டினால் அதுவரை அடித்த வரி முழுவதும் அழியும்! மல்ட்டிக்ஸில் உட்கார்ந்து ஒருவர் முகவரியை அடிக்கிறார். பெயர் முடிந்து @ வருகிறது. வரியே காணாமற் போகிறது. டாம்லின்சன் மீது இதில் குற்றம் சொல்ல முடியாது. அவர் தம் கணிப்பொறிக்கு ஏற்ற குறியைத்தான் தேர்ந்தார். மல்ட்டிக்ஸ்காரர்களும் தங்களுக்கு ஏற்றதைத்தான் முன்பே தேர்ந்திருந்தார்கள். மல்ட்டிக்ஸைப் பின்பற்றி வளர்ந்த யூனிக்ஸும் ஆரம்ப ஆண்டுகளில் அந்த அழிப்புக் குறியையே வைத்திருந்தது.

கட்டளையிட யாரும் இல்லை

ஆர்ப்பாநெட்டுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு. கணிப்பொறிகளோ பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம். "எல்லோரும் இப்படித்தான் எழுத வேண்டும்" என்று கட்டளையிடும் தலைமைத் தபால் அதிகாரி எவரும் இல்லை. ஒருவர் தம் யோசனையை எழுதி எண் இட்டு மற்றவர்களுக்குச் சுற்றுக்கு விடுவார். அத்தாள்களுக்குப் பெயரே "கருத்துக் கோரிக்கை" என்பதுதான். ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.எஃப்.சி. ஏற்பவர்கள் ஏற்பார்கள், ஏற்காதவர்களைக் கட்டாயப்படுத்த வழியில்லை.

இதற்கிடையே மின்னஞ்சல் யாரும் எதிர்பாராத வேகத்தில் பெருகிற்று. தொலைவில் உள்ள கணிப்பொறியைப் பயன்படுத்துவதற்காக அமைத்த வலையமைப்பில், 1973இல் கணக்கெடுத்தபோது, போக்குவரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடிதங்களாகவே இருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 561ஆம் எண் தாள்தான் தலைப்பு வரிகளுக்கு ஒழுங்கு தேடிய முதல் முயற்சி. எழுதியவர்கள் நால்வர். அவர்களில் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர். எம்.ஐ.டி.க்குச் சென்ற அவர், கணிப்பொறிகளுக்கிடையே கோப்புகளை மாற்றும் விதிமுறையை 1971 ஏப்ரலில் எழுதியவர். அந்நாளில் மின்னஞ்சல் தனி வாகனம் இல்லாமல் இந்தக் கோப்பு விதிமுறையின் தோளில் ஏறித்தான் பயணம் செய்தது. ஆகவே தலைப்பு வரிகளின் தலைவலி அவரிடம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. மற்றொருவர் டாம்லின்சனே. அத்தாள் சொன்னது மிக எளியது: யாரிடமிருந்து, எந்தத் தேதி, என்ன பொருள் என்பதைத் தனித்தனி வரிகளில் எழுதுங்கள், வரியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இடுங்கள். ஆளையும் கணிப்பொறியையும் பிரிக்க அதில் @ குறி இல்லை. "அட்" என்ற சொல்லையே எழுத்துகளால் எழுதச் சொன்னார்கள். குறியைக் கண்டுபிடித்தவரே கையெழுத்திட்ட தாளில் குறி இடம்பெறவில்லை!

வாசகர்கள் கேட்கலாம்: மனிதர்கள்தானே படிக்கப் போகிறார்கள், வரி எப்படி இருந்தால் என்ன? 1975 வரை இது நியாயமான கேள்விதான். அவ்வாண்டு ஜான் விட்டல் என்பவர் "எம்.எஸ்.ஜி." என்ற கடிதம் படிக்கும் புரோகிராமை எழுதினார். அதில் "பதில்" என்று ஒரு கட்டளை. அதற்கு முன் பதில் எழுத வேண்டுமானால் வந்த கடிதத்திலிருந்து முகவரியைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். இப்போது புரோகிராமே "அனுப்புநர்" வரியைப் படித்து, அதைப் "பெறுநர்" வரியில் நிரப்பிக் கொடுத்தது.

வசதிதான், ஆனால் இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. அதுவரை மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்ட வரியை இப்போது இயந்திரம் படிக்கத் தொடங்கிவிட்டது. ஒருவர் அனுப்புநர் வரியில் தம் முழுப்பெயரை எழுதுவார். ஒருவர் பட்டத்தையும் சேர்ப்பார். மனிதர் சிரித்துக்கொண்டு கடந்து போவார். இயந்திரம் "ஜான்" என்பதை ஓர் ஆளாகவும் அடுத்த சொல்லை இன்னோர் ஆளாகவும் எடுத்துக்கொள்ளும். தேதியைப் பாருங்கள். 4-7-76 என்றால் அமெரிக்கருக்கு ஏப்ரல் 7. இங்கிலாந்துக்காரருக்கும் நமக்கும் ஜூலை 4. தேதி வாரியாகக் கடிதங்களை அடுக்கும் புரோகிராம் எதை நம்பும்?

எதை எழுத வேண்டும் என்பதிலும் கருத்து வேற்றுமை. சிலர் கடித எண், சார்ந்த கடிதத்தின் எண், குறிச்சொற்கள் எனத் தலைப்பில் அடுக்க விரும்பினர். மற்றவர்களுக்கு எரிச்சல். காரணம் உண்டு. அக்காலத்தில் பலருடைய மேசையில் இருந்தது திரை அல்ல; காகிதத்தில் அடித்துக் காட்டும் டெலிடைப். பரவலாகப் புழங்கிய மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துகள் அடிக்கும். தலைப்பு வரிகளில் 600 எழுத்துகள் இருந்தால் கடிதத்தின் முதல் சொல் வருவதற்கு முன் ஒரு நிமிடம் தடதடவென்று ஓசை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். "சரி, மதியம் வருகிறேன்" என்ற ஒரே வரிக்காக!

1977 நவம்பரில் டேவிட் கிராக்கர், ஜான் விட்டல், கென்னத் போக்ரன், ஆஸ்டின் ஹெண்டர்சன் ஆகிய நால்வரும் 733ஆம் எண் தாளை வெளியிட்டார்கள். இதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. வரியை மனிதருக்கும் இயந்திரத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பெயரையும் பட்டத்தையும் விருப்பம்போல் எழுதுங்கள். முகவரியை மட்டும் < > என்ற கூர் அடைப்புக்குள் இடுங்கள். இயந்திரம் அதற்குள் இருப்பதை மட்டும் படிக்கும். வளை அடைப்புக்குள் எதை எழுதினாலும் இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. இன்று நமக்கு வரும் மின்னஞ்சலிலும் அந்தக் கூர் அடைப்பு அப்படியே இருக்கிறது. மல்ட்டிக்ஸ்காரர்களை மனத்தில் கொண்டோ என்னவோ, @ குறியும் "அட்" என்ற சொல்லும் இரண்டுமே செல்லும் என்றும் எழுதினார்கள். இத்தனை விதங்களையும் புரிந்துகொள்ளும் புரோகிராமை எழுதுவது எளிதாக இல்லை. ஒருவரையும் மனம் நோகவிடாமல் எழுதப்படும் விதிகளுக்கு இந்தக் குறை எப்போதும் உண்டு.

வழியே முகவரி

இதுவரை சொன்னது ஒரே வலையமைப்புக்குள் நடந்த கதை. பல வலையமைப்புகள் வந்தபோதுதான் உண்மையான குழப்பம் தொடங்கிற்று.

பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் மைக் லெஸ்க் 1976இல் "யுயுசிபி" என்ற முறையை எழுதினார். யூனிக்ஸ் கணிப்பொறிகள் சாதாரணத் தொலைபேசியில் ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றிக்கொள்ளும். ஆர்ப்பாநெட்டில் இடம் கிடைக்காத கல்லூரிகளுக்கு இது ஏழைகளின் வலையமைப்பு. கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் அழைப்பார்கள். கடிதம் ஒரு கணிப்பொறியில் தங்கி, மறுநாள் இரவு அடுத்ததற்குப் போகும். இங்கே முகவரி என்பது ஒருவர் இருக்கும் இடம் அன்று. அவரிடம் போகும் வழி. "அ!ஆ!இ!ராமன்" என்றால், முதலில் அ என்ற கணிப்பொறிக்குப் போ, அங்கிருந்து ஆ, அங்கிருந்து இ, அங்கே ராமன் என்று பொருள். ஆச்சரியக்குறிதான் ஒவ்வொரு நிறுத்தம். திருச்சியில் இறங்கி வண்டி மாறு, மதுரையில் மறுபடி மாறு என்று வழி சொல்வது போல. இடையில் ஒரு கணிப்பொறி பழுதானால் முகவரியே செல்லாததாகிவிடும். ஒரே ஆளுக்கு நீங்கள் எழுதும் முகவரி வேறு, நான் எழுதும் முகவரி வேறு! ஆகவே பலர் தம் முகவரியைச் சொல்லும்போது எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய சந்திப்பிலிருந்து தொடங்கிச் சொன்னார்கள். வர்ஜீனியாவில் நிலநடுக்க ஆய்வு மையம் ஒன்றின் "சைஸ்மோ" என்ற கணிப்பொறி அப்படிப்பட்ட சந்திப்புகளில் ஒன்று. நிலம் அதிர்வதை ஆராய வைத்த இயந்திரம் ஊரார் கடிதங்களையெல்லாம் சுமந்தது.

யுயுசிபி முகவரி இடமிருந்து வலமாகப் படிக்கப்படுகிறது. ஆர்ப்பாநெட் முகவரியில் @ குறிக்கு வலப்புறம் இருப்பதை முதலில் படிக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் கணிப்பொறி வழியாக "அ!ராமன்@இ" என்ற முகவரியுடன் ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யுயுசிபியில் ஊறியவர் சொல்வார்: முதலில் அ என்ற கணிப்பொறிக்கு அனுப்பு, அது "ராமன்@இ" என்பதைப் பார்த்துக்கொள்ளும். ஆர்ப்பாநெட்காரர் சொல்வார்: முதலில் இ என்ற கணிப்பொறிக்கு அனுப்பு, அது "அ!ராமன்" என்பதைப் பார்த்துக்கொள்ளும். இருவர் சொல்வதும் அவரவர் விதிப்படி சரி. கடிதம் மட்டும் வெவ்வேறு ஊருக்குப் போகும். இரண்டு இயந்திரங்கள் இரண்டு விதமாகப் படித்தால் அது இருவருக்கும் நடுவே பந்து போல் போய்ப்போய் வரவும் கூடும்.

இந்த இழுபறிக்குத் தப்பப் பலர் % குறியைக் கையாண்டார்கள். "ராமன்%ஆ@இ" என்றால் முதலில் இ கணிப்பொறிக்குப் போக வேண்டும். அது தன் பெயரை நீக்கிவிட்டு % குறியை @ ஆக மாற்றி "ராமன்@ஆ" என்று அனுப்பிவைக்கும். எந்த விதிப் புத்தகத்திலும் அதிகாரபூர்வமாக எழுதப்படாத குறுக்கு வழி, ஆயினும் ஓடியது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மூன்று முறைகள் ஒரே கூரையின்கீழ் இருந்தன. ஆர்ப்பாநெட்டுக்கு @, யுயுசிபிக்கு !, வளாகத்தின் சொந்த வலையமைப்பான பெர்க்நெட்டுக்கு முக்காற்புள்ளி. அங்கே மாணவராக இருந்த எரிக் ஆல்மன், குறியைப் பார்த்துக் கடிதத்தை உரிய வலைக்குத் தள்ளும் புரோகிராமை 1979இல் எழுதினார். அதன் வளர்ந்த வடிவமே "சென்ட்மெயில்". மற்றவர்கள் தவறான தலைப்பு வரியைத் திருப்பி அனுப்பியபோது, சென்ட்மெயில் அதை ஏற்றுத் திருத்தி எழுதி மேலே அனுப்பிற்று. எப்படித் திருத்துவது என்பதை ஒவ்வொரு நிலையமும் தானே விதிகளாக எழுதிக்கொள்ளலாம். அந்த விதிக் கோப்பைப் பார்த்தால் நிறுத்தற்குறிகளைக் கைப்பிடி அள்ளி இறைத்தது போல் இருக்கும். ஆனாலும் உலகத்துக் கடிதங்களில் பெரும்பகுதியை அது பல ஆண்டுகள் சுமந்தது. பிறர் பிழையைப் பொறுத்துக்கொண்டதால் பிழைகள் திருத்தப்படாமலே நின்றன என்று அதைக் குறை சொல்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ, அன்றைய நிலையில் கடிதம் போய்ச்சேர்ந்ததே பெரிது என்று தோன்றுகிறது.

பிரிட்டனின் தலைகீழ் வரிசை

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் 1984இல் "ஜேனட்" என்ற வலையமைப்பில் இணைந்தன. அவர்கள் முகவரியைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுத முடிவு செய்தார்கள். முதலில் நாடு, பிறகு கல்வித்துறை, பிறகு கல்லூரி, கடைசியில் துறை: "யுகே.ஏசி.யுசிஎல்.சிஎஸ்". யோசித்துப் பார்த்தால் இதில் தவறு ஒன்றுமில்லை. தபால் பிரிப்பவர் படிக்கும் வரிசை இதுதானே! ஜப்பானியர் உறையின்மேல் முகவரி எழுதுவதும் இப்படியே. ஆனால் அமெரிக்காவில் நிலைபெற்ற முறை "சிஎஸ்.யுசிஎல்.ஏசி.யுகே" என்று நேர் எதிராக அமைந்தது. எல்லையில் இருந்த கணிப்பொறிகள் ஒவ்வொரு கடிதத்தின் முகவரியையும் புரட்டிப் போட வேண்டியதாயிற்று.

புரட்டுவதா வேண்டாமா என்பதைச் சில புரோகிராம்கள் ஊகத்தால் முடிவு செய்தன. கடைசியில் ஒரு நாட்டின் சுருக்கம் இருந்தால் அமெரிக்க வரிசை. இல்லையேல் பிரிட்டிஷ் வரிசை. கணிப்பொறியியல் துறைக்குச் "சிஎஸ்" என்பது வழக்கமான சுருக்கம். அது எந்த நாடும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியா இணையத்தில் சேர்ந்தது. அந்நாட்டுக்குரிய சுருக்கம் "சிஎஸ்"! பிரிட்டனின் கணிப்பொறியியல் பேராசிரியருக்கு எழுதிய கடிதம் செக்கோஸ்லோவாக்கியாவுக்குரியதாகத் தோற்றமளித்தது. 1992 முடிவில் அந்நாடே இரண்டாகப் பிரிந்தது. ஜேனட்டும் பின்னர்த் தன் வரிசையைக் கைவிட்டு மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது.

1981இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தொடங்கிய "பிட்நெட்" இன்னொரு வகைச் சிக்கலைத் தந்தது. அதன் கணிப்பொறிகள் பெரும்பாலும் ஐ.பி.எம். தயாரிப்புகள். அங்கே எழுத்துகளுக்குரிய எண்களே வேறு. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு மற்ற இடங்களில் பயன்பட்ட ஆஸ்கி அட்டவணையில் எண் 65, ஐ.பி.எம். அட்டவணையில் 193. எழுத்துகளை மாற்றுவது கடினமல்ல, நிறுத்தற்குறிகளில்தான் வினை. ஐ.பி.எம். அட்டவணையின் அமெரிக்க வடிவில் 79ஆம் எண் செங்குத்துக் கோடு. சர்வதேச வடிவில் அதே எண் ஆச்சரியக்குறி. வழியில் ஓர் இடத்தில் அட்டவணை மாறினால் "அ!ஆ!ராமன்" என்ற முகவரியில் நிறுத்தங்களே மறைந்து போகும். மேலும் அது கடிதத்தைத் துளையட்டைகளின் அடுக்காகக் கருதியது. ஓர் அட்டையில் 80 இடங்கள். நீண்ட தலைப்பு வரி அதற்குள் அடங்கவில்லை.

முடிச்சு எங்கே அவிழ்ந்தது? 1982 ஆகஸ்டில் கிராக்கர் 822ஆம் எண் தாளை வெளியிட்டு "அட்" என்ற சொல்லை நீக்கி @ ஒன்றையே வைத்தார். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் கணிப்பொறிப் பெயர்களுக்கு அடுக்குமுறையை வகுத்தார். 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய தாள், ஒரு பெயருக்கு வரும் கடிதத்தை எந்தக் கணிப்பொறியிடம் கொடுக்க வேண்டும் என்பதைப் பெயர்ப் பதிவேட்டிலேயே கேட்டறியும் முறையை விளக்கியது. தொலைபேசியில் மட்டும் இணைந்த கல்லூரிக்கும் இனி வழி எழுத வேண்டியதில்லை, பெயர் போதும். முகவரி வழியாக இருந்தது மாறி மறுபடி பெயராயிற்று. அதே ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி. உட்பட எட்டு நிறுவனங்களைச் சேர்த்து இந்தியாவில் எர்நெட் திட்டம் தொடங்கியது. இங்கும் முதலில் ஓடியது யுயுசிபி அஞ்சல்தான்.

822லும் பிழைகள் இருந்தன. ஆண்டுக்கு இரண்டே இலக்கம் வைத்தார்கள். 1989இல்தான் நான்கு இலக்கம் எழுதப் பரிந்துரை வந்தது. உலக நேர மண்டலங்களை ஓரெழுத்தால் குறிக்கும் இராணுவ முறையைச் சேர்த்தபோது, கூட்ட வேண்டியதைக் கழித்தும் கழிக்க வேண்டியதைக் கூட்டியும் தலைகீழாக அச்சிட்டுவிட்டார்கள். அரை மணி வித்தியாசமுள்ள நம் நாட்டுக்கு அந்த முறையில் எழுத்தே கிடையாது. நல்ல வேளையாக, எண்ணாலும் எழுதலாம் என்று ஒரு வழி விட்டிருந்தார்கள். மின்னஞ்சல்களின் தேதி வரியில் +0530 என்று காண்கிறோமே, அது அந்த வழிதான்.

நமக்குரிய மற்றொரு சிக்கல் நெடுநாள் நீடித்தது. தலைப்பு வரிகளில் ஆஸ்கியின் 128 குறிகளைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. 1992இல் கீத் மூர் ஒரு மாற்று வழி எழுதினார்: வேற்றுமொழி எழுத்துகளை ஆங்கில எழுத்தாகவும் எண்ணாகவும் மாறுவேடம் போட்டு அனுப்பு, பெறும் இயந்திரம் வேடத்தைக் கலைக்கட்டும். நாம் பொருள் வரியில் "வணக்கம்" என்று எழுதினால் யூனிகோடு முறையில் அது 7 குறிகள், 21 பைட்டுகள். வேடமிட்டால் 28 எழுத்துகள்; வேடம் என்று அறிவிக்கும் அடையாளங்களையும் சேர்த்தால் 40. 2012இல் தலைப்பு வரிகளிலும் முகவரியிலும் தமிழை நேராகவே எழுத விதிகள் வந்தன. ஆனால் ஒரு நிபந்தனை. தமிழ் முகவரிக்குப் போகும் கடிதத்தைக் கொடுக்குமுன், "இதை ஏற்பாயா?" என்று அனுப்பும் கணிப்பொறி பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்புறக் கணிப்பொறிக்கு அந்த விதி தெரியாவிட்டால், கடிதம் அனுப்பியவரிடமே திரும்பி வந்துவிடும்.